தட்டுவடைக்கு ஜோடி கிடைத்த நாள்

அந்தக் காலத்தில் குருவிக்கும் மனுஷருக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. வாசலில் வந்து உட்கார்ந்த பறவையிடம் "இன்னைக்கு மழை வருமா?" என்று கேட்டால் பதில் வரும். அந்தப் பதில் பொய்யாகிப் போனால் மறுநாள் சண்டையும் வரும்.

சேர்வராயன் மலைக்குக் கீழே நெசவாளர்கள் குடியிருந்த ஓர் ஊரில் பாவடித் தெரு என்று ஒரு தெரு இருந்தது. பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற தெரு என்பதால் நல்ல அகலம். ஆடி கடைசி வெள்ளியன்று மட்டும் அங்கே யாரும் பாவு கட்ட மாட்டார்கள். நூல் கட்டுகிற முளைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் தட்டுவடைக் கடை போடுவார்கள். அதற்குத் தட்டுவடைத் திருவிழா என்றே பெயர். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வரும். எண்ணெய் காய்கிற மணமும் கொத்தமல்லி அரைக்கிற மணமும் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே வந்து ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

அப்போதெல்லாம் தட்டுவடை ஒற்றைதான். மந்தாரை இலையில், தட்டை மாதிரி மெல்லிசாகத் தட்டி மொறுமொறுப்பாகச் சுட்ட ஒரு வடையை வைப்பார்கள். அதன்மேல் பூண்டு போட்ட சிவப்புச் சட்னி, கொத்தமல்லிப் பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் எல்லாம் குவித்து எலுமிச்சை பிழிவார்கள். மேலே மூட ஒன்றும் கிடையாது. அண்ணாந்து வாயை அகலத் திறந்து கடிக்க வேண்டும். பாதி வாய்க்குள் போகும், பாதி சட்டைமேல் விழும். கீழே விழுந்ததைப் பொறுக்க அணிலும் மைனாவும் கால்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுக்கும் அது திருவிழாதான்.

அந்தத் தெருவில் குஞ்சாயி என்றொருத்தி கடை போட்டிருந்தாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. பெருமாயி என்று ஒரு தங்கை மட்டும் இருந்தாள். அக்கா மாவைத் தட்டி எண்ணெயில் போடுவாள், தங்கை காய் துருவுவாள். திருவிழாவன்று முதல் வடையைக் குஞ்சாயி யாருக்கும் விற்க மாட்டாள். காயை அள்ளி வைத்து, "ஆ காட்டு கண்ணு" என்று தங்கை வாயில் ஊட்டிவிட்ட பிறகுதான் வியாபாரம். பெருமாயி வளர்ந்து ஆளான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "நாலு பேர் பாக்கறாங்கக்கா" என்று வெட்கப்படுவாள். ஆனால் வாயைத் திறந்துவிடுவாள்.

அந்த வீட்டு வேப்பமரத்தில் ஒரு சின்னான் இருந்தான். கொண்டைக்குருவி என்றும் சொல்வார்களே, அந்தப் பறவைதான். அப்போது அவனுக்குக் கொண்டையிலிருந்து வால் நுனிவரை ஒரே கருப்பும் பழுப்பும்தான், வேறு நிறம் கிடையாது. தினமும் குளிக்கிறவன். இறகில் தூசி ஒட்டினால்கூடத் தாங்கமாட்டான்.

பெருமாயியை மலைமேல் காய்கறித் தோட்டம் வைத்திருந்த வையாபுரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் வண்டி ஏறிப் போனபோது சின்னானும் பின்னாலேயே பறந்து போனான். அங்கே கொய்யா மரத்தில் ஒரு வீடு, இங்கே வேப்பமரத்தில் ஒரு வீடு என்று இரண்டையும் வைத்துக்கொண்டு சேதி சுமந்தான். "அக்கா, உன் தங்கச்சி கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கா. குளிருதாம்." "பெருமாயி, உங்க அக்கா கையில எண்ணெ தெறிச்சுக் கொப்புளம். பயப்படாத, ஆறிடுச்சு." இப்படியே ஒரு வருஷம் போனது.

அடுத்த ஆடி கடைசி வெள்ளி. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். பெருமாயிக்கு நிறைமாதம். இன்னும் நாள் இருக்கிறது, திருவிழா முடிந்ததும் போய் அழைத்து வந்துவிடலாம் என்று குஞ்சாயி நினைத்திருந்தாள். வெயில் ஏறுகிற நேரத்தில் சின்னான் மூச்சு வாங்க வந்து கூரைக் கழியில் உட்கார்ந்தான்.

"அக்கா, அவளுக்கு வலி எடுத்துடுச்சு. ஒன்னத்தான் தேடறா. பயமா இருக்குன்னு சொல்லச் சொன்னா. உடனே கெளம்பு."

குஞ்சாயி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். நீட்டிய கைகளைப் பார்த்தாள். "மொதப் பிரசவம், அவ்வளவு சீக்கிரம் ஆகாதுடா. விழா முடியட்டும், சாயங்காலம் ஓடி வந்துடறேன்னு சொல்லு" என்றாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் ஓடை புரண்டு வழி அறுந்து போனது. வெள்ளம் வடிந்து குஞ்சாயி மேலே போய்ச் சேர்ந்தபோது, தொட்டில் கட்டுவதற்காக வாங்கிய புடவை மடித்தபடியே இருந்தது. குழந்தை தங்கவில்லை.

பெருமாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குஞ்சாயி பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தொட்டாள். அந்தக் கையைப் பெருமாயி எடுத்து அப்பால் வைத்தாள்.

"விழா முடிஞ்சுதா அக்கா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அக்காளும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை. வருஷங்கள் போயின. திருவிழா ஒவ்வோர் ஆடியிலும் வந்தது. குஞ்சாயி கடை போடத்தான் செய்தாள், வேறு பிழைப்பு இல்லையே. ஆனால் முதல் வடையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

சின்னான் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தான். "அவ எனக்கு அக்காவே இல்லைன்னு போய்ச் சொல்லு" என்று பெருமாயி சொல்லி அனுப்புவாள். சின்னான் கீழே வந்து, "இந்த வருஷம் பீன்ஸ் நல்லாக் காய்ச்சிருக்கு" என்று மட்டும் சொல்வான். சந்தைக்கு மலைக்காய் வண்டிகள் இறங்கும் நாளில் மூட்டை மூட்டையாகத் தாவி ஒரு மூட்டைமேல் போய் உட்காருவான். வையாபுரி தோட்டத்து பீட்ரூட் அது. குஞ்சாயி வேறொன்றும் கேட்காமல் அந்த மூட்டையையே வாங்குவாள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கழுவும்போது, இதைப் பிடுங்கின கை அவள் கையாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்வாள்.

அப்படி ஓர் ஆடி கடைசி வெள்ளி. அந்த வருஷம் கூட்டம் அதிகம், காற்றும் அதிகம். கூரைத் துணியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பந்தக்காலைப் பிடிக்க ஒருவர், அடுப்புக்கு மறைப்புக் கட்ட ஒருவர் என்று தெருவே பரபரத்துக் கிடந்தது. குஞ்சாயி கடை முன்னால் ஜனம் முண்டியடித்தது.

சின்னான் வந்து அவள் தோளிலேயே உட்கார்ந்தான். எப்போதும் அப்படிச் செய்கிறவன் அல்ல.

"அக்கா, அவ வந்திருக்கா."

"யாரு?"

"யாருன்னு எங்கிட்டயே கேக்கறியா? தெருக்கோடியில, புளிய மரத்தடியில வண்டி நிக்குது. அதுல உக்காந்திருக்கா."

குஞ்சாயியின் கை அப்படியே நின்றது.

"மாசமா இருக்கா" என்றான் சின்னான். "வாயில ஒண்ணும் தங்க மாட்டேங்குது. கஞ்சி குடிச்சாலும் வாந்தி. துரும்பா எளைச்சுப் போயிட்டா. நேத்து ராத்திரி எந்திரிச்சு உக்காந்து, எனக்குத் தட்டுவடை வேணும்னு அழுதிருக்கா. அதான் வையாபுரி மாமன் வண்டி கட்டிக் கூட்டிட்டு வந்துட்டாரு."

"எங்கிட்ட வரமாட்டாளா?"

"வரமாட்டா. தெருக்கோடிக் கடையில மாமன் காய் வைக்காத வெறும் வடை ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. கையில வச்சிருக்கா, கடிக்கல. மோந்து பாத்துட்டு, இது இல்லைங்கறா. மலைமேல மேகம் இறங்குது, கெளம்பலாம்னு மாமன் மாட்டப் பூட்டிட்டு இருக்காரு."

எண்ணெயில் வடைகள் வெந்துகொண்டிருந்தன. "எங்களுக்கு நாலு குடும்மா", "நான் அப்பவே கேட்டேன்" என்று முன்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

குஞ்சாயி சட்டியிலிருந்து நல்ல அகலமான வடை ஒன்றை எடுத்தாள். எண்ணெயை வடித்து மந்தாரை இலையில் வைத்தாள். சட்னி இரண்டும் தடவிக் கேரட்டையும் வெங்காயத்தையும் பீட்ரூட்டையும் கை நிறைய அள்ளி வைத்து எலுமிச்சை பிழிந்தாள். அடுப்பிலிருந்த விறகைப் பின்னுக்கு இழுத்துவிட்டு இலையோடு வெளியே வந்தாள்.

"ஏம்மா, கடைய விட்டுட்டு எங்க போற? நாங்கெல்லாம் நிக்கறோமில்ல?" என்று தறிக்காரர் ஒருவர் கேட்டார்.

"வேணுங்கறத நீங்களே எடுத்துப் போட்டுக்கங்க. எனக்கு வேல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

கூட்டத்தைத் தாண்டுகிறவரை சரியாக இருந்தது. தெருவின் திறந்த இடத்துக்கு வந்ததும் ஆடிக்காற்று நேராக முகத்தில் அடித்தது. முதலில் வெங்காயம் பறந்தது. கையைக் குவித்து மறைத்தாள். விரல் சந்து வழியாகக் கேரட் பறந்தது. முந்தானையால் மூடப் போனால் முந்தானையே காற்றில் பிய்த்துக்கொண்டு ஓடியது. புளிய மரத்தடியில் வண்டி நகர்வது தெரிந்தது. திரும்பிப் போய் வேறு வடை எடுத்து வர நேரமில்லை.

"சின்னா, எல்லாம் போகுதுடா!" என்று கத்தினாள்.

சின்னான் மேலே பறந்தபடி பார்த்தான். சிவப்பாகச் சாறு வடிகிற பீட்ரூட்டையும் பார்த்தான். காலையில்தான் குளத்தில் முங்கிக் குளித்து இறகையெல்லாம் கோதிவிட்டிருந்தான். ஒரு வட்டம் அடித்தான். பிறகு அப்படியே இறங்கி, இறக்கை இரண்டையும் விரித்து, வடைமேல் காயை அமுக்கிக்கொண்டு அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

"நீ ஓடுக்கா. நான் பிடிச்சுக்கறேன்."

குஞ்சாயி ஓடினாள். "வையாபுரி! மாட்ட நிறுத்துங்க!" என்று கூப்பிட்டபடி ஓடினாள். குரல் கேட்டு வையாபுரி கயிற்றை இழுத்துப் பிடித்தார். வண்டி நின்றது.

பெருமாயி திரும்பிப் பார்த்தாள். தலைமயிர் கலைந்து, இடுப்பில் மாவுக்கறையோடு, மூச்சு வாங்க அக்காள் நிற்கிறாள். நீட்டிய இலையில் ஒரு தட்டுவடை. தட்டுவடையின் மேல் ஒரு குருவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பெருமாயிக்கு உதடு துடித்தது. அழுகைதான் வரப் போகிறது என்று வையாபுரி நினைத்தார். அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது எப்போது என்று அவளுக்கே தெரியாது.

"என்னக்கா இது, காய்க்குப் பதிலா குருவியா வெச்சுத் தர்ற?"

"அவன் இல்லைன்னா வெறும் வடதான் வந்து சேர்ந்திருக்கும் கண்ணு."

குஞ்சாயி வண்டியை ஒட்டி வந்து நின்றாள். "அன்னைக்கு நான் இப்படி ஓடி வந்திருக்கணும், பெருமா. வரல."

பெருமாயி தெருவைப் பார்த்தாள். "விழா இன்னும் முடியலயே அக்கா. கூட்டம் நிக்குது."

"நிக்கட்டும்."

பெருமாயி வண்டியின் பின்பலகையில் நகர்ந்து அக்காளுக்கு இடம் விட்டாள். சின்னான் எழுந்து வண்டிச் சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்தான். அவன் எழுந்த உடனே காற்று மறுபடியும் காயைக் கிளப்பப் பார்த்தது. பெருமாயி யோசிக்கவில்லை. கையில் வைத்திருந்த அந்த வெறும் தட்டுவடையை எடுத்து மேலே கவிழ்த்து அழுத்தினாள். கீழே அக்காள் சுட்ட வடை, மேலே தங்கை கையிலிருந்த வடை, நடுவே அவள் தோட்டத்து பீட்ரூட். காற்றால் ஒரு துளியைக்கூட எடுக்க முடியவில்லை.

"குருவி உக்காந்தது, வேண்டாம் விடு. வேற செஞ்சு எடுத்தாறேன்" என்றாள் குஞ்சாயி.

"அவன் கொத்திப் போட்ட கொய்யாவத்தான் தெனமும் திங்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெருமாயி வாயைத் திறந்தாள். குஞ்சாயி ஊட்டினாள். மொறுமொறுவென்று இரண்டு வடையும் சேர்ந்து நொறுங்கிய சத்தம் வையாபுரிக்குக் கேட்டது. அவர் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாந்தி வரவில்லை. முழுவதையும் தின்றுவிட்டு இலையில் கிடந்த சட்னியை விரலால் வழித்தாள்.

"இன்னொண்ணு இருக்காக்கா?"

வையாபுரி மாட்டை அவிழ்த்துப் புளிய மரத்தில் கட்டினார்.

மூன்று பேருமாகக் கடைக்குத் திரும்பியபோது ஜனம் அடுப்பைச் சுற்றி நின்று தானே எடுத்துப் போட்டுத் தின்றுகொண்டிருந்தது. பெருமாயி துருவுகட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தறிக்காரர் கேட்டார், "அது என்னம்மா, தங்கச்சிக்கு மட்டும் மூடி போட்டுக் குடுத்தியாமே? எங்களுக்குக் கெடையாதா?" குஞ்சாயி அவருக்கும் அப்படியே கொடுத்தாள். காய் சட்டைமேல் விழவில்லை என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். பொழுது சாய்வதற்குள் பாவடித் தெரு முழுக்க எல்லாக் கடையிலும் வடைமேல் வடையை வைத்து மூடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை பிறக்கும்வரை பெருமாயி மலைக்குப் போகவில்லை. அக்காள் வீட்டிலேயே தங்கினாள், அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்த நேரம் முழுக்கக் குஞ்சாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். மலைமேல் இருந்த வையாபுரிக்குச் சேதி கொண்டுபோனது சின்னான்தான். வழியெல்லாம் சந்தோஷத்தில் கத்திக்கொண்டே போனதாகச் சொல்வார்கள்.

வாலடியில் ஒட்டிய பீட்ரூட் சாற்றைப் போக்க அவன் குளத்துக்குப் போய் எத்தனையோ முறை முங்கிப் பார்த்துவிட்டான். மணலில் புரண்டான், வேப்பிலையில் தேய்த்தான். மற்றப் பறவைகள் கேலி செய்தன. பெருமாயிக்குப் பாவமாக இருந்தது. "நான் வேணா சீயக்காய் வெச்சுத் தேச்சு விடட்டுமா?" என்று கேட்டாள். சின்னான் கழுத்தைத் திருப்பித் தன் வாலடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இருக்கட்டும் விடு" என்றான்.

அந்தச் சிவப்பு அவனுக்குப் பிறந்த குஞ்சுகளுக்கும் வந்தது. இன்றைக்கும் சின்னான் வாலைத் தூக்கினால் அடியில் பீட்ரூட் நிறம் தெரிவதும், எங்கள் பக்கத்தில் தட்டுவடை கேட்டால் இரண்டாகச் சேர்த்து நடுவே காய் வைத்துத் தருவதும் அந்த ஆடி வெள்ளியிலிருந்துதான்.