தங்கையா சாரின் சிவப்புப் பேனா

"பிரசங்கம் எழுதியாச்சும்மா. ஒரு தடவை கேட்டுச் சொல்லிட்டீங்கன்னா போதும்" என்றார் தங்கையா சார்.

கெத்சியாள் அம்மா அந்த ஊர்ச் சபைக்குப் போதகர். ஐந்தாம் வகுப்பில் தங்கையா சாரிடம் படித்தவர். சார் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றபின் பிரசங்கம் பழக ஆசைப்பட்டு இப்போது அம்மாவிடம் மாணவராக வந்துகொண்டிருந்தார். காலம் யாரை எந்தப் பெஞ்சில் உட்காரவைக்கும் என்று யார் கண்டது?

"எந்தப் பகுதி சார்?"

"பைபிள்ல யோசுவா ஒன்பதாம் அதிகாரம். கிபியோன்காரங்க கதை. அசனம் வருதுல்லா, அதுக்குத்தான்."

அசனம் வருவதுதான் தலைவலியே. வருஷத்துக்கு ஒருநாள் சபையே கூடிச் சாப்பிடுகிற விருந்து அது. கோயில் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதனால் நல்ல தண்ணீர் சுமப்பதும் விறகு பிளப்பதும் தெற்குத் தெருக்காரர்கள் வேலை. கடைசிப் பந்தியும் அவர்களுக்குத்தான். இந்த வருஷம், மாட்டோம் என்றுவிட்டார்கள். சுமக்காதவர்களுக்கு இலை கிடையாது என்றது கமிட்டி. நாற்பது வீடு. ஞாயிற்றுக்கிழமை பேசி அவர்கள் மனசை மாற்றுகிற பொறுப்பு தங்கையா சார் தலையில் விழுந்தது.

"கதையைச் சொல்லுங்க சார்."

கதை சொல்லச் சொன்னால் சாருக்கு வயசு குறைந்துவிடும்.

"இஸ்ரவேலர் தலைவன் யோசுவா ஊர் ஊரா அழிச்சுக்கிட்டு வாரான். கிபியோன்காரங்க பயந்துபோய், கிழிஞ்ச துணியும் பூசணம் பிடிச்ச அப்பமுமா வந்து, நாங்க தூர தேசத்து ஆளுகன்னு பொய் சொல்லி, கொல்ல மாட்டோம்னு சத்தியம் வாங்கிடுதாங்க. மூணே நாள்ல குட்டு உடைஞ்சுபோச்சு. சத்தியம் பண்ணியாச்சே, கொல்ல முடியாது. அதனால, பலிபீடத்துக்கு விறகு வெட்டணும், தண்ணி எடுக்கணும்னு கட்டளையாச்சு. காலாகாலத்துக்கும். கர்த்தருடைய வேலை, எவ்வளவு பெரிய பாக்கியம். இதைச் சொன்னா இவங்க மனசு இளகாதா?"

"யாரோட கட்டளை சார்?"

"கர்த்தரோடதுதான். இதென்ன கேள்வி?"

"பையில சிவப்புப் பேனா இருக்கா?"

இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டாலும் அதை அவர் விடவில்லை.

"அந்த அதிகாரத்துல கர்த்தர் பேசுற வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டுக் கொண்டுவாங்க."

இவ்வளவுதானா என்று சார் போனார்.

மறுநாள் காலையில் வந்தபோது முகம் நன்றாக இல்லை.

"ஒரு கோடும் விழலைம்மா."

"மை தீர்ந்துபோச்சா?"

"மையெல்லாம் இருக்கு. யோசுவா பேசுதான். பிரபுக்கள் பேசுதாங்க. கிபியோன்காரங்க பேசுதாங்க. கர்த்தர் வாயே திறக்கலை. அவரைக் கேக்காமலே உடன்படிக்கை பண்ணினாங்கன்னு வேற எழுதியிருக்கு."

அம்மா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பொய் சொன்னது தப்புதானே? ஆனா சொல்லலைன்னா செத்திருப்பாங்க. கொல்லாம விட்டது நல்லதுதானே? ஆனா பேரன் பேத்தி வரைக்கும் தண்ணி சுமக்கணுமாம். எனக்கு ஒண்ணும் பிடிபடலைம்மா. ராத்திரி சோறு இறங்கலை."

நாற்பது வருஷம் சரி, தப்பு என்று குறி போட்ட கை அது. எதற்கு எதைப் போடுவது என்று இப்போது அந்தக் கைக்குத் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

"எத்தனை தடவை வாசிச்சிருக்கேன். கர்த்தர் சொன்னாருன்னுதானே நினைச்சேன். அப்போ எங்க இருந்து வந்தது இது?"

அம்மா எழுந்து போய், கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை உரித்துக்கொண்டு வந்தார். அசன வேலைப் பட்டியல். சார் முன்னால் வைத்தார்.

"இதுல யார் பேசுறாங்கன்னு பாத்து அடிக்கோடு போடுங்க சார்."

காய்கறி நறுக்க: மேலத் தெரு. பரிமாற: வாலிபர் சங்கம். விறகு, தண்ணீர்: தெற்குத் தெரு.

முத்து முத்தான எழுத்து. கமிட்டிக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே செயலாளர், ஒரே கையெழுத்து. கீழே தேதி. அதற்கும் கீழே, சுழித்துப் போட்ட 'தங்கையா'.

சார் அந்தப் பெயர்மேல் விரலை ஓட்டினார். அப்புறம் பேனாவைத் திறந்து, தன் கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டார். மை நன்றாகவே இருந்தது.

"அம்மா" என்றார். "குடம் ஒண்ணு இருக்குமா?"