பாபநாசம் வண்டியின் வேகம்

நயினாருக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்து மூன்று.

குருவின் பெயர் ஜெஸிந்தா. அம்பாசமுத்திரம் கடைத்தெருவில், குறுகலான மாடிப்படி ஏறினால் அவள் கடை. பழுதான கம்ப்யூட்டர்கள் அங்கே வரும், சரியாகித் திரும்பிப் போகும். நயினார் அரசு பஸ் டிரைவராக இருந்தவர். நெஞ்சுவலி வந்தபின், இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். டெப்போ அலுவலகத்தில் லைட் டியூட்டி. அது முடிந்ததும் மாலையில் ஜெஸிந்தாவின் கடைக்கு வந்து உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டிருந்தார். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு அவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி வாரியளே, அண்ணாச்சி."

"பிள்ளதான். திக்குது டீச்சர்."

திக்கியது, பஸ் ஓட்டும் விளையாட்டு. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் சாலையை யாரோ ஒரு புண்ணியவான் வளைவு வளைவாக அதில் வரைந்து வைத்திருந்தான். வண்டி ஓட்டிய காலத்தில் நயினார் தம் மனைவி பேச்சியம்மாளைத் தம் வண்டியில் ஏற்றியதே இல்லை. பொண்டாட்டி பின்னால் இருந்தால் கண் ரோட்டில் நிற்காது என்பது அவர் கட்சி. இப்போது நிஜ வண்டி இல்லை. அதனால் ஒருநாள், வாயேன், போய்ட்டு வருவோம் என்று கூப்பிட்டார். அவளும் தலையைச் சீவிப் பூ வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

படம் நின்று நின்று ஓடியது. சேரன்மகாதேவி வருவதற்குள் அவளுக்குத் தலை சுற்றியது. மறுநாளும் சுற்றியது. உங்க வண்டிக்கு நான் வரல என்று நாற்காலியை அடுக்களைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"அவ திரும்ப ஏறணும் டீச்சர். அம்புட்டுதான்."

ஜெஸிந்தா பெட்டியைத் திறந்து பார்த்தாள். படத்துக்கென்று தனி கார்டு இல்லை. கணக்குப் போடும் சிப்புக்குள்ளேயே படம் வரைகிற பகுதியும் இருந்தது.

"அந்தப் படம் வரையுத பகுதியோட வேகத்த ஏத்தலாமாமே? வீடியோவுல ஒருத்தன் சொல்லுதான்."

"ஏத்தலாம்."

"ஏத்தலாம்னா, கம்பெனிக்காரன் எதுக்குக் குறைச்சு வச்சு வித்தான்?"

"நீங்க என்ன நினைக்கிய?"

நயினார் அதை யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "சீல் வச்சிருக்கான். எங்க வண்டி டீசல் பம்புல வைப்பாங்கல்லா, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல போகாதபடி, அதே மாதிரி. சீல உடைச்ச வண்டி ஒண்ண ஓட்டியிருக்கேன். பறக்கும் டீச்சர்."

"மேட்டுல?"

"மேட்டுல கொஞ்சம் புகையும்."

ஜெஸிந்தா கம்ப்யூட்டரை முடுக்கி, அது விழித்துக்கொள்ளும்போதே ஒரு பொத்தானை அழுத்தி, அமைப்புகளை மாற்றும் நீலத் திரை ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் படம் வரையும் பகுதியின் வேகத்துக்கான எண்ணைக் காட்டிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

"உக்காருங்க. ஏத்துங்க."

"எம்புட்டு?"

"உங்களுக்குத் தோணுத அளவு."

நயினார் ஏற்றினார். அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறொரு கம்ப்யூட்டரின் தூசியை ஊதிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

மறுநாள் மாலை அதே பெட்டி, அதே துண்டு. அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒன்று பிடிபடாத முகம்.

"டீச்சர், காலி ரோட்டுல வெண்ணெய் மாதிரி போகுது. வயக்காடு, மரம், எல்லாம் சும்மா வழுக்குது. வீரவநல்லூர் கடைவீதிக்குள்ள நுழைஞ்சேன். ஆட்டோ, சைக்கிள், மாடு, ஆளு. ஸ்டியரிங்க ஒடிக்கேன், வண்டி ரோசனை பண்ணிட்டுத் திரும்புது. போய் ஒரு வாழைக்காய் வண்டிமேல ஏத்திட்டேன். படம் அப்பவும் தெளிவாத்தான் இருக்கு. இடிச்சதெல்லாம் தெளிவாத் தெரியுது."

"மதினி பாத்தாங்களா?"

"அடுக்களைலருந்து எட்டிப் பாத்தா. இதுக்குத்தான் உங்களுக்கு லைட் டியூட்டி குடுத்திருக்கான்னு சொல்லுதா."

ஜெஸிந்தா சிரித்தாள். பெட்டியைத் திறந்து, விளையாட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். உள்ளே காற்றாடி இரைந்தது. அவர் கையைப் பிடித்துச் சிப்பின் மேலிருந்த அலுமினியத் தகடுகளுக்கு அருகில் கொண்டுபோனாள். நயினார் கையை இழுத்துக்கொண்டார்.

"இதுக்குள்ள யார் இருக்கா அண்ணாச்சி?"

"படம் வரையுதவன்."

"அவன் மட்டுமா?"

"கணக்குப் போடுதவனும்."

"உங்க வாழைக்காய் வண்டியும் மாடும் எங்க நிக்கணும், எப்பத் திரும்பணும்னு சொல்லுதது யாரு?"

நயினார் காற்றாடியைப் பார்த்தார். ஒரே ஒரு காற்றாடி.

"கணக்குப் போடுதவன்," என்றார் மெல்ல. "கரண்டும் காத்தும் ரெண்டு பேருக்கும் பொது. ஒருத்தனுக்கு ஊட்டினேன். பக்கத்துல இருக்கவன் பட்டினி."

ஜெஸிந்தா நீலத் திரையைக் கொண்டுவந்தாள். அவரே பழைய எண்ணைத் திரும்ப வைத்தார். முகம் தொங்கிவிட்டது.

"அப்ப இது திக்கிட்டேதான் இருக்குமா?"

"உங்க பஸ்ஸுல முன்படிக் கதவு மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு வைங்க. திறக்க வரல," என்றாள் ஜெஸிந்தா. "ஸ்டாண்டுல கூட்டம். எல்லாரும் பின்படி வழியாவே இறங்கணும், ஏறணும். நேரமாவுது. நீங்க என்ன செய்விய? ஆக்சிலேட்டர மிதிப்பியளா?"

"அத மிதிச்சு என்ன பிரயோசனம்? நின்ன வண்டி உறுமும். மொதல்ல அந்தக் கதவத் திறக்க வழி பாப்பேன்."

அவள் பெட்டிக்குள் விரலை நீட்டினாள். நீளமான நினைவகத் தகடு ஒன்று தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அதே மாதிரி இன்னோர் இடம், காலியாக, தூசி படிந்து.

"தனி கார்டுன்னா அதுக்குச் சொந்தமா நினைவகம் இருக்கும். இது ஒண்டிக் குடித்தனம். படம் வரையத் தேவையானதெல்லாம் இந்த ஒரே தகடு வழியாத்தான் வரணும். கணக்குக்கும் இதே வழி."

நயினார் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை திறந்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவர் கண் அந்த எண்மேலேயே இருந்தது.

ஜெஸிந்தா இழுப்பறையைத் துழாவி, செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த தகட்டை எடுத்தாள். அளவு ஒத்துப்போகிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். பிறகு அதை அவர் கையில் கொடுத்தாள். அவர் தூசியை ஊதி, காலி இடத்தில் வைத்து அழுத்தினார். டிக் என்று உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு சில நாள் நயினார் கடைப்பக்கம் வரவில்லை. மழை வந்தது, நின்றது. ஒரு மாலை படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் துண்டு மட்டும் இருந்தது.

"ஓடுதா அண்ணாச்சி?"

"ஓடுது."

"வீரவநல்லூர்?"

"மாடுகூட வழிவிட்டுச்சு."

அவர் தம் வழக்கமான முக்காலியில் உட்கார்ந்து ஸ்குரூடிரைவரை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி ஏறினாங்களா?"

"ஏறினா. பூவெல்லாம் வச்சுக்கிட்டு. கல்லிடைக்குறிச்சி தாண்டுறப்ப பேச்சுச் சத்தத்தக் காணோம். பாத்தா, தூங்கிட்டா. தல என் தோள்ல. பாபநாசம் போய் வண்டிய நிறுத்திட்டு அப்படியே உக்காந்திருந்தேன். மலையப் பாக்கணும்னுதான் வந்தா. எழுப்ப மனசு வரல."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இப்ப ரெண்டு படியும் திறந்திருக்கு. சூடும் இல்ல. தொட்டுப் பாத்தேன்." ஸ்குரூடிரைவர் அவர் விரல்களுக்குள் வேகமாக உருண்டது. "அந்த எண்ண இன்னும் கொஞ்சம், கொஞ்சமாத்தான், ஏத்திப் பாத்தா என்ன?"

ஜெஸிந்தா கையிலிருந்த வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தூங்குதவங்கள எழுப்புததுக்கா, அண்ணாச்சி?"