டெலஸ்கோப்புக்கு ஒத்தடம்

முதல்ல பேரத்தை முடிச்சுக்குவோம். நீ ‘ம்’ போட்டாத்தான் நான் கதை போடுவேன். ‘ம்’ நின்னா கதையும் நிக்கும். கடன் கிடையாது. சம்மதமா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு பழைய சாமான் கடை. கடைக்காரி பேரு வேடியம்மா. கோவம் அவளுக்கு மூக்கு நுனியில. எடை போடும்போது எவனாவது தராசுத் தட்டுல விரல வச்சு அழுத்தினான்னு வையி, தராசையே தூக்கிக் கடாசுவா. டொங்குன்னு தெருக்கோடியில போய் விழும். நாலு பேருகிட்ட ஏமாந்து, அடிபட்டு மிதிபட்டுக் கடை போட்டவ, வேற எப்படி இருப்பா?

அவளுக்கு ஒரே மக, அல்லி. எதிர்வீட்டு முனிராஜுக்கும் அல்லிக்கும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுப் போச்சு. ரெண்டு வீட்டுலயும் பேசி முடிச்சாச்சு. அப்புறம், வெத்தலை பாக்கு மாத்துற நேரமாப் பாத்து, முனிராஜோட அப்பா தீர்த்தகிரி பின்வாங்கிட்டாரு.

“பையனுக்கு ஏழரை நடக்குதாம்மா. சனி பாக்குறாராம். ஜோசியர் அல்லியோட ராசிக்காரப் பொண்ணே வேணாங்கிறாரு. வெள்ளிக்கிழமை அரூர்ல வேற பொண்ணு பாக்கப் போறோம்.”

“சனி உங்களப் பாக்குறாரு, சரி. நீங்க என்னிக்காவது அவரப் பாத்தீங்களா?”

“அவர எப்படிம்மா பாக்குறது?”

வேடியம்மாகிட்ட ஒரு டெலஸ்கோப்பு இருந்துச்சு. ஏதோ பங்களாவக் காலி பண்ணப்ப இரும்போட இரும்பா வந்த சாமான். நீளக் குழாய், முன்னாடி பெரிய கண்ணாடி. பின்னாடி கண்ணு வச்சுப் பாக்குற எடம் மட்டும் முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். புரட்டாசியில அல்லி அதுல சனியப் பாத்திருந்தா. சுத்தி வளையம் போட்டு, அச்சு அசல் மாலை போட்ட ஆளு மாதிரி இருந்தாராம்.

“அவரே மாலையும் கழுத்துமா மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கிறாரு. அவரா உங்க வீட்டுக் கல்யாணத்தத் தடுப்பாரு? வந்து பாருங்க. மாலை இருந்தா எம் பொண்ணுதான் உங்க மருமக. இல்லாட்டி நீங்க அரூர் போங்க, நானே பஸ் ஏத்தி விடுறேன்.”

“ஐயய்யோ, சனிய நேருக்கு நேர் பாக்கக் கூடாது. கோயில்லயே ஒதுங்கி நின்னுதான் கும்பிடுவேன்.”

“நேரா யாரு பாக்கச் சொன்னா? இது முழங்கை மடங்குன சாமான். நீங்க குனிஞ்சு கீழ பாப்பீங்க. அவரு பாட்டுக்கு மேல இருப்பாரு.”

தீர்த்தகிரி தலையச் சொறிஞ்சுக்கிட்டே, “சரி, செவ்வாக்கிழமை வர்றேன்,” அப்படின்னாரு.

தூங்கிட்டியா?

ம்ம்.

அது தூக்கத்து ‘ம்’ இல்ல, பொய் ‘ம்’. சரி, கணக்குல வச்சுக்கறேன்.

அப்போ தை மாசம். தைப் பனி தரையத் துளைக்கும்பாங்கல்ல, அந்தப் பனி. செவ்வாக்கிழமை விளக்கு வச்சதும், கொல்லையில டெலஸ்கோப்ப நிறுத்தி ஏரிப் பக்கமாத் திருப்புனாங்க. தீர்த்தகிரி செருப்பக் கழட்டிட்டு வந்து குனிஞ்சாரு.

“என்னம்மா, ஒரே பாலாத் தெரியுது.”

அல்லி ஓடிப்போய்ப் பாத்தா, முன்கண்ணாடி பூரா முத்து முத்தாப் பனி. வேடியம்மா விடுவாளா? முந்தானைய எடுத்து சரக் சரக்குனு தொடச்சா. அவ சேலையில கடை எண்ணெய் பாதி, கிரீஸு பாதி. பால் மறைஞ்சு மோராப் போச்சு. மறுபடி தொடச்சா, மறுபடி பனி. அதுக்குள்ள சனி ஏரிக்கரை மரத்துக்குள்ள போயிட்டாரு.

“பாத்தியாம்மா, முகம் குடுக்க மாட்டேங்கிறாரு,” அப்படின்னுட்டு தீர்த்தகிரி செருப்ப மாட்டிக்கிட்டாரு.

ராவெல்லாம் வேடியம்மா யோசிச்சா. தலையில பனி எறங்கினா மனுசனுக்கே சளி பிடிக்குது, குழாய்க்குப் பிடிக்காதா? சளிக்கு என்ன வைத்தியம்?

ஆவி.

அதேதான். புதங்கிழமை கண்ணாடிய நல்ல பருத்தித் துணியில பதமாத் தொடச்சு வச்சுட்டு, நொச்சி இலையப் போட்டு ஒரு குண்டான் வெந்நி காய வச்சா. குபுகுபுன்னு கொதிக்கிற குண்டானக் கொண்டாந்து குழாய் மூஞ்சிக்குக் கீழ வச்சு, மேல கம்பளிய மூடிட்டா. புஸ்ஸுன்னு ஆவி. கம்பளிய எடுத்தா, கண்ணாடியில பனி இல்ல, மழை. சொட்டு சொட்டுன்னு வடியுது. தீர்த்தகிரி கொஞ்ச நேரம் மோந்து பாத்துட்டு, “எனக்கு மூக்கடைப்பு விட்டுப் போச்சு. சனியத்தான் காணோம்,” அப்படின்னாரு.

வேடியம்மாவுக்கு வந்துச்சே கோவம். குண்டான ஒரு உதை. அது உருண்டுபோய் அடுப்புக்கல்லு மேல மோதி நின்னுச்சு. அல்லி ஒண்ணும் பேசாம உள்ள போய்ப் படுத்துக்கிட்டா. அதுதான் வேடியம்மாவுக்கு உறுத்துச்சு. அழுதா அதட்டலாம். பேசாதவள என்ன பண்றது?

வியாழக்கிழமை விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு வந்து பாத்தா, கொல்லையில கெடந்த இரும்பு எல்லாம் சொதசொதன்னு நனைஞ்சிருக்கு. ரெண்டு எடம் மட்டும் காஞ்சு கெடக்கு. ஒண்ணு, வெந்நி வச்ச அடுப்புக்கல்லு. தணல் சூடு இன்னும் அதுல இருந்துச்சு. இன்னொண்ணு, தகரக் கூரைக்குக் கீழ நிறுத்துன சைக்கிளு. அவ ரெண்டையும் தொட்டுத் தொட்டுப் பாத்தா.

“அடியே அல்லி, எந்திரி. சளின்னு நெனச்சது சரி, வைத்தியந்தான் தப்பு. இதுக்கு ஆவி ஆகாது, ஒத்தடம். தலைக்கு மேல ஒரு முக்காடும் வேணும்.”

அன்னிக்குச் சாயங்காலம் பழைய கோரைப் பாயக் கிழிச்சு, குழாய் வாயச் சுத்தி முழ நீளத்துக்குச் சுருட்டிக் கட்டுனா. அதுதான் முக்காடு. அப்புறம் மணல வாணலியில போட்டு சரசரன்னு வறுத்து, துணியில முடிஞ்சு, தன் கன்னத்துல வச்சுச் சூடு பாத்து, கண்ணாடிக்குப் பின்னாடி குழாயோட கழுத்துல சுத்திக் கட்டுனா. பச்சைப் பிள்ளைக்குக் கட்டுற மாதிரி.

பனி விழுந்துச்சு. வேலியெல்லாம் நனைஞ்சுச்சு, தீர்த்தகிரி தலைப்பாகை நனைஞ்சுச்சு. கண்ணாடி மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு.

தீர்த்தகிரி குனிஞ்சாரு. குனிஞ்சவரு நிமிரவே இல்ல. அல்லி தூணப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. வேடியம்மா பொறுக்க மாட்டாம அவருகிட்ட வந்தா.

“என்னங்க, இருக்காரா?”

“இருக்காரும்மா. சின்னதா, மஞ்சளா.” அப்புறம் மெதுவாச் சொன்னாரு, “மாலை போட்டுத்தான் நிக்கிறாரு.”

“அரூருக்கு பஸ் ஏத்தி விடட்டுமா?”

“நீ சும்மா இரு சம்பந்தி.”

சம்பந்தின்னு சொன்னதும், தூணப் பிடிச்சு நின்ன அல்லி உள்ள ஓடிட்டா. தீர்த்தகிரி நிமிர்ந்து இடுப்பப் பிடிச்சுக்கிட்டாரு. “ரொம்ப நேரம் குனிஞ்சுட்டேன் போல. அந்த மணல் மூட்டைய இப்படிக் குடு.”

“சனி மறையட்டும், தாரேன். இப்ப அது டெலஸ்கோப்புது.”

அடுத்து வந்த மாசியிலயே கல்யாணம். டெலஸ்கோப்பு எங்க நின்னுச்சுங்கிற? மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், பாய் முக்காடு போட்டுக்கிட்டு, பந்தலுக்குள்ள.

ம்...

இது நெசமான தூக்கத்து ‘ம்’. போர்வைய மூக்கு வரைக்கும் இழுத்துக்க, பனி எறங்குது. கதை வித்துத் தீந்துச்சு, கடையச் சாத்தியாச்சு. நீ கண்ணச் சாத்து.