இருபத்தொரு சிவப்புப் பைகள்

நாகப்பட்டினத்தில் தம்பிசாமியைத் தெரியாதவை மீன்கள் மட்டும்தான். அதிலும் வஞ்சிரத்துக்குத் தெரியும் என்று கேள்வி.

முப்பது வயதுவரை துறைமுகத்தில் படகு என்ஜின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஓர் என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது புத்தர் வழிக்குப் போய்விட்டார். அந்த என்ஜின் அன்றிலிருந்து டீசல் இல்லாமல் ஓடுகிறது. படகின் சொந்தக்காரர் இன்னும் இருக்கிறார், போய்க் கேளுங்கள். அதெல்லாம் இல்லை என்பார். அவர் அப்படித்தான் சொல்வார், டீசல் மானியம் போய்விடும் அல்லவா?

இப்போது தம்பிசாமிக்கு வயது நாற்பத்தொன்று. சீடர்கள் நாங்கள் இருபது பேரும் அவரைவிட மூத்தவர்கள். நாங்கள் அவரைச் ‘சாமி’ என்போம். அவர் எங்களை ‘அண்ணே’, ‘அக்கா’ என்பார்.

எங்களில் முதல் சீடர் திருமேனி. அறுபத்தேழு வயது. நகராட்சியில் முப்பத்துநாலு வருஷம் சுகாதார ஆய்வாளர். அவர் சந்தைக்குள் கால் வைத்தால் பிளாஸ்டிக் பைகள் தாங்களாகவே பறந்து போய்க் கூரைமேல் ஒளிந்துகொள்ளும். காற்றே இல்லாத நாளில் நானே பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது.

“சாமி, ஏழு வருஷமாக் கேக்கறேன். எனக்கு எப்பத்தான் காவி?”

தம்பிசாமி ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். வியட்நாமிலிருந்து வந்தது. ஹுவே நகரத்துக்குத் தெற்கே ஒரு மலைக்கோயில். வந்துபோனவர்கள் போட்ட குப்பை தாங்காமல், இரண்டு வருஷமாக வெளிநாட்டுக் குழுக்களை நிறுத்தி வைத்திருந்தார்களாம். மறுபடியும் திறக்கிறார்கள். முதல் குழுவாக எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“என்னோட சேர்த்து இருபத்தொரு பேர். நீங்க கூட்டிட்டுப் போங்கண்ணே. அங்க எதுவும் காயப்படாமக் கூட்டிட்டு வந்துடுங்க. வந்ததும் காவி.”

“எதுவும்னா?”

“எறும்புலேர்ந்து ஆரம்பிச்சு எல்லாமும்.”

“அவ்வளவுதானே?” என்றார் திருமேனி. நெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்தது.

நாலு மாதம் திட்டம் போட்டார். பத்தொன்பது பக்கம். புதுக் காகிதம் வாங்கவில்லை, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வகுப்பு.

“நடுவாசல் நமக்கில்லை. வலப்பக்க வாசல்ல நுழையணும், இடப்பக்கம் வெளிய வரணும். நிலைப்படியை மிதிக்கக் கூடாது, தாண்டணும். தோள் மூடியிருக்கணும், முழங்கால் மூடியிருக்கணும். வாயும்.”

எல்லோரும் செங்கமலம் அக்காவைப் பார்த்தோம்.

“என்னை ஏன் பாக்கறீங்க?” என்றார் அக்கா.

“தேங்காய் உடைக்கக் கூடாது. சூடம் கூடாது. ஆளுக்கு ஒரு ஊதுபத்தி.”

“ஒண்ணே ஒண்ணா? புத்தர் கோவிச்சுக்க மாட்டாரா?”

“அவர் கோவிச்சுக்கற ஆளா இருந்தா நாம ஏங்க்கா போறோம்?”

அக்கா யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது.

“வாசல்ல கூண்டுல குருவி வச்சுக்கிட்டு நிப்பாங்க. வாங்கிப் பறக்கவிட்டா புண்ணியம்பாங்க. வாங்கவே கூடாது.”

“பறக்கவிடறது நல்லதுதானே, திருமேனி?”

“நீங்க வாங்கிப் பறக்கவிடறீங்கன்னுதான் அதைப் பிடிக்கறாங்க.”

கடைசிப் பக்கத்தில் ஒரே விதி, சிவப்பு மையில்: பிளாஸ்டிக் நம் கையில் ஏறக் கூடாது. யார் கொடுத்தாலும்.

கிளம்பினோம். ஆளுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர், ஒரு துணிப்பை. செங்கமலம் அக்காவின் துணிப்பைக்குள் தூக்குவாளி நிறையப் புளியோதரை. விமான நிலையத்தில் மோப்ப நாய் ஒன்று அதை முகர்ந்தது. முகர்ந்ததும் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. மூன்று அதிகாரிகள் இழுத்தும் வரவில்லை. கடைசியில் அதையும் எங்கள் குழுவில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். திருமேனி, “இருபத்தொரு பேருக்குத்தான் அனுமதி” என்று மறுத்துவிட்டார்.

ஹுவேயில் லான் என்ற வழிகாட்டிப் பெண் எங்களோடு சேர்ந்துகொண்டாள். அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், திருமேனி எங்களுக்குத் தமிழில் சொல்வார். கார்கள் வேண்டாமென்று எல்லோரும் ஒரே பேருந்தில் போனோம். மலையடிவாரத்தில் இறங்கி நானூற்றுப் பன்னிரண்டு படி ஏறினோம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அன்றைக்கு அந்த மலையில் நாங்கள் நடந்ததை நடை என்றே சொல்ல முடியாது. உலர்ந்த இலைமேல் மிதித்தோம், இலை நொறுங்கவில்லை. வலப்பக்க வாசலில் நுழைந்தோம். இருபத்தொரு வலது கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிலைப்படியைத் தாண்டின. ஆளுக்கு ஒரு ஊதுபத்தி. புகை நேரே மேலே போனது, பக்கத்தில் இருந்தவர்மேல் படவில்லை. மதியம் பிக்குணிகளோடு உட்கார்ந்து கிண்ணத்தில் சாப்பிட்டோம். ஒரு பருக்கை மிச்சமில்லை. பின்னாலேயே வந்த எறும்புகள் ஏமாந்து திரும்பிப் போயின. சாப்பிட்ட கிண்ணத்தை அவரவர் கழுவிக் கவிழ்த்தோம். செங்கமலம் அக்கா காலையிலிருந்து பேசியது மொத்தம் நாலு வார்த்தை. அவருடைய வீட்டுக்காரர் மட்டும் அங்கே இருந்திருந்தால் அன்றைக்கே துறவியாகியிருப்பார்.

வாசல் காவலாளி லானிடம் ஏதோ சொன்னார்.

“இருபத்தெட்டு வருஷமா இங்க இருக்காராம். இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லையாம்” என்றாள் லான்.

திருமேனி அதைத் தமிழில் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். இருபது பேரும் தோளை நிமிர்த்திக்கொண்டு இடப்பக்க வாசலுக்கு வந்தோம்.

அங்கே ஒரு வயதான பிக்குணி நின்றிருந்தார். சமையல்கட்டைப் பார்த்துக்கொள்பவர். ஹியென் அம்மா என்று லான் சொன்னாள். எண்பது வயதிருக்கும். குனிந்த முதுகு, மழித்த தலை, பழுப்புச் சட்டை. பக்கத்துப் பெஞ்சில் இருபத்தொரு சிவப்புப் பிளாஸ்டிக் பைகளை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆரஞ்சு, இலையில் கட்டிய ஒரு கொழுக்கட்டை. புத்தருக்குப் படைத்ததை வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம், நம்மூர்ப் பிரசாதம் மாதிரி.

முதல் பையை எடுத்துத் திருமேனியிடம் நீட்டினார்.

திருமேனி கைகூப்பினார். தலையை ஆட்டினார். லானிடம், “நாங்க பிளாஸ்டிக் தொடறதில்லைன்னு சொல்லும்மா” என்றார்.

லான் தயங்கினாள்.

“சொல்லும்மா.”

அவள் சொன்னாள். ஹியென் அம்மாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே மறுபடியும் நீட்டினார். திருமேனி மறுபடியும் கைகூப்பிவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் கைகூப்பினார். அதற்கடுத்தவரும். நாலு மாத வகுப்பு வீண்போகவில்லை. இருபது பேரும் கைகூப்பி நகர்ந்தோம். ஒருவர் நகர நகர அந்த அம்மாவின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. நான் பன்னிரண்டாவது. நான் நகரும்போது பாதிதான் இருந்தது.

கடைசியில் தம்பிசாமி வந்தார். ஒரு பையை வாங்கிக்கொண்டார். அப்புறம் பெஞ்சைக் காட்டி, மிச்சம் இருபதையும் கேட்டார்.

பத்து இந்தக் கையில், பதினொன்று அந்தக் கையில். குலை தள்ளிய பாக்குமரம் மாதிரி நானூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கினார். முன்னால் போன திருமேனி திரும்பிப் பார்த்தார். அடிவாரம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பேருந்து ஓட்டுநர் பிரேக்கைப் பரிசோதித்தார்.

“சாமி, நாலு மாசம் தொண்டை கிழியக் கத்தினேன். நீங்களே இப்படிப் பண்ணினா?”

“என்னண்ணே பண்ணினேன்?”

“இருபத்தொரு பிளாஸ்டிக் பை!”

“ஆமாம்.”

“அத்தனையும் குப்பை!”

“உள்ள ஆரஞ்சு இருக்கே.”

“ஆரஞ்சைத் தின்னுட்டா அப்புறம் குப்பைதானே?”

“ஒரு பை எப்பண்ணே குப்பையாகுது?”

முப்பத்துநாலு வருஷ உத்தியோகம் பதில் சொன்னது. “தூக்கிப் போடும்போது.”

“இன்னைக்கு மலைமேல யாராவது தூக்கிப் போட்டாங்களா?”

“நம்ம ஆளா? ஒரு துரும்பு விழலை சாமி! காவலாளியே சொன்னாரே!”

“விழுந்துச்சுண்ணே. இருபது. அந்த அம்மா கையிலேயே விழுந்துச்சு.”

செங்கமலம் அக்கா துணிப்பைக்குள் எதையோ தேடினார். அதில் காலித் தூக்குவாளியும் டம்ளரும் தவிர ஒன்றும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

திருமேனி மலையை அண்ணாந்து பார்த்தார். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. காலையில் ஏறும்போதே பதினேழு இடத்தில் உட்கார்ந்தவர்.

“லான், என்கூடக் கொஞ்சம் வாம்மா” என்றார். படியில் கால் வைத்தார்.

மேலே நடந்தது பின்னால் லான் சைகையும் எளிய ஆங்கிலமுமாகச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் என்னைப் போல இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்கிறவள்.

சமையல்கட்டுக்குப் பின்னால் பலாமரங்களுக்கு நடுவே கொடி கட்டியிருந்தார்களாம். ஒன்றல்ல, ஏழெட்டுக் கொடி. கொடி முழுக்க பிளாஸ்டிக் பைகள். சிவப்பு, நீலம், வெள்ளை. துணி காயப்போட்ட மாதிரி, ஒவ்வொன்றும் மூங்கில் கவ்வி மாட்டிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கீழே தொட்டியில் சாம்பல் கரைத்த தண்ணீர். ஹியென் அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு பையை அலசிக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் என்னன்னு கேளு” என்றார் திருமேனி.

லான் கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள் மலையெல்லாம் போட்டுவிட்டுப் போனவை. அந்த அம்மா விடியற்காலையில் சரிவில் இறங்கிப் பொறுக்குவார். கிழிந்ததைக் கத்தரித்துத் தலையணைக்குள் திணிப்பார். கிழியாததைக் கழுவிக் காயவைத்து மடித்து வைப்பார். சிவப்பு நல்ல நிறம் என்பதால் அதைத் தனியாக எடுத்துவைத்திருந்தார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும் இருநூறு சிவப்புப் பைகளை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம். ஊசிமுனை ஓட்டைகூட இல்லாமல் தேறியவை இருபத்தொன்று.

“வேற ஏதாவது சொன்னாங்களா?” என்று நாங்கள் கேட்டோம்.

“‘அவங்களுக்கு என் பை சுத்தமாப் படலை போல, நான் இன்னும் ஒருதரம் அலசியிருக்கணும்’னாங்க” என்றாள் லான்.

திருமேனி இதைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்தாராம். மன்னிப்புக் கேட்கப் போனவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டுவிட்டார்.

பதினோரு பை அலசினார். அந்த அம்மா ஒவ்வொன்றாக வாங்கி உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூலையில் அழுக்கு இருக்கிறது, மறுபடியும் அலசு என்று சைகை காட்டினார். ஊரெல்லாம் ஹோட்டல் பாத்திரங்களை எட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிய மனிதர், அந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு மறுபடியும் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

அவர் இறங்கி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வேட்டி முழுக்கச் சாம்பல் தண்ணீர். வலது கையில் ஒரு நீலப் பை, ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஓர் ஆரஞ்சு. கோயில் பரிவட்டத்தைத் தலையில் கட்டிக்கொண்டு வருகிற மாதிரி அந்தப் பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். படியில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

“பதினொண்ணு அலசினேன் சாமி. முதல் தடவை எட்டு பாஸ். மூணு ஃபெயில். அப்புறம் அதுவும் பாஸ்.”

அந்தக் குரலில் இருந்த பெருமையை, அவர் ஓய்வுபெற்ற நாளில் மாலை போட்டபோதுகூட நாங்கள் கேட்டதில்லை.

பேருந்துக்குள் தம்பிசாமி ஏற்கெனவே ஆளுக்கு ஒரு சிவப்புப் பை கொடுத்திருந்தார். சாமியோடு சேர்த்து இருபது பேரும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் ஆரஞ்சை உரிக்கவில்லை. திருமேனியின் இருக்கையிலும் ஒன்று இருந்தது. அதை எடுத்து நீலப் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாமிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“எதுவும் காயப்படாமக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க. நானே காயப்படுத்திட்டேன். இனிமே காவி கேக்க மாட்டேன் சாமி.”

“சரி. நாகப்பட்டினம் போனதும் தலையை மழிச்சுட்டு வாங்க.”

“கேக்க மாட்டேன்னு சொன்னேனே?”

“ஏழு வருஷமா அதுக்குத்தாண்ணே காத்துக்கிட்டிருந்தேன்.”

பேருந்து கிளம்பியது. செங்கமலம் அக்கா மூக்கை உறிஞ்சினார். அன்றைக்கு அவர் பேசாதிருந்ததற்கெல்லாம் சேர்த்து உறிஞ்சியதில் ஜன்னல்கள் அதிர்ந்தன.

கொஞ்சதூரம் போனதும் திருமேனி மறுபடியும் முன்னால் சாய்ந்தார்.

“சாமி, அந்தப் பையெல்லாம் பொறுக்கிக் கழுவினதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாதுண்ணே.”

“புதுப் பைன்னு நினைச்சா வாங்கினீங்க?”

“புதுசா பழசான்னு பார்க்கலை.”

“பிளாஸ்டிக்னாவது பார்த்தீங்களா?”

“இல்லையே.”

“அப்ப எதைப் பார்த்து வாங்கினீங்க?”

“ரெண்டு கையாலயும் நீட்டினாங்கண்ணே” என்றார் தம்பிசாமி.