முற்றத்துக் கொடி

ஓடைக்கரை மடத்தின் முற்றத்தில் ஒரு கொடிக் கயிறு கட்டியிருந்தது. அந்த மடத்தில் நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் அது ஒன்றுதான். மற்ற பக்கமெல்லாம் மரமும் கூரையும்.

மடத்துக் குரு ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். எல்லாரும் அம்மா என்பார்கள். அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் செங்கோடன். அறுபதைத் தாண்டியவர். அரிசி மில்லை மகனிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தவர். மில்லை விட்டாரே தவிர அதட்டலை விடவில்லை. முற்றத்துச் சுவரில், 'கொடியில் மடத்துச் சாமிகள் துணி மட்டும்' என்று கரியால் எழுதி வைத்தவரும் அவர்தான்.

ஐப்பசி மாதம். விட்டு விட்டு மழை. செங்கோடன் வேகமாக வந்து அம்மாவின் முன்னால் நின்றார்.

"அம்மா, சமையலுக்கு வர்ற பாவாயியை நிறுத்திடலாம்."

"எதுக்குங்க?"

"சொல்லவே கூசுது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால, சாக்குக்கு அடியில துணி காயப் போட்டிருக்கா. அந்தத் துணி. நாலு பேர் வந்து கும்பிடற இடம் இது."

"சாக்குக்கு அடியில இருந்தது உங்க கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சாக்கைத் தூக்கிப் பார்த்தேன்."

"ஏன் பார்த்தீங்க?"

செங்கோடன் வேறு பேச்சுக்குத் தாவினார். "வேலையும் முன்ன மாதிரி இல்லீங்க. பருப்பு அடிபிடிக்குது. பாதி நேரம் சுவத்துல சாய்ஞ்சு நிக்கிறா. வேற ஆள் பார்த்தாச்சு. நாளைக்கே வரச் சொல்லட்டுமா?"

அம்மா பாவாயியைக் கூப்பிட்டார். அவள் கரண்டியோடு வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"உடம்புக்கு என்ன பாவாயி?"

பாவாயி செங்கோடனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றார் அம்மா.

செங்கோடன் முணுமுணுத்துக்கொண்டே சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

"அரிப்புங்கம்மா. பொழுது சாய்ஞ்சா காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில மாத்திரை கொடுத்தாங்க. துணியை நல்ல வெயில்ல காயப்போடு, இல்லைன்னா இது போகாதுன்னாங்க."

"போட்டியா?"

"வெயிலுக்கு எங்கீங்கம்மா போவேன்? விடியறதுக்கு முன்னால இங்க வாரேன். இருட்டினப்புறம் வீட்டுக்குப் போறேன். வீடோ லைன் வீடு. வாசல்ல போட்டா போற வர்ற ஆம்பளைங்க கண்ணு அது மேலதான். இருக்கிற துணியே கொஞ்சம். எனக்கு முடிஞ்சு அது காயறதுக்குள்ள எம்புள்ளைக்கு வந்துருது. ஈரத்தோடதான் எடுத்துக்கறா. அவளுக்கும் இப்ப அரிக்குதுங்கறா."

சுவரைப் பார்த்தபடியே செங்கோடன் சத்தம் போட்டார். "கடையில பேடு விக்குதே! டிவியில நாளெல்லாம் காட்டறான். வாங்கிக்க வேண்டியதுதானே?"

"கடையில அரிசியுந்தான் விக்குதுங்க சாமி."

"போன வருசம் நாங்களே கொடுத்தமே! எம் மகன் பெட்டி பெட்டியா வாங்கிக் கொடுத்தானே. மேடை போட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்து."

"கொடுத்தீங்க. இல்லைன்னு சொல்லலை. ரெண்டு மாசத்துக்கு வந்துச்சு. அப்புறமும் மாசாமாசம் வருதுங்களே, என்ன பண்ணட்டும்?"

அம்மா அவளை அடுப்பைப் பார்க்க அனுப்பினார். செங்கோடன் திரும்பினார்.

"பாவாயி இருக்கட்டும்" என்றார் அம்மா. "இந்த மழை மாசம் முடியற வரைக்கும் உங்க வேட்டி, துண்டு, கோவணம் எல்லாம் அந்தச் சாக்குக்கு அடியிலயே காயட்டும்."

"எதுக்குங்கம்மா?"

"நான் சொல்றதைச் செய்யறேன்னுதானே மில்லை விட்டுட்டு வந்தீங்க?"

"தவம், தியானம்னு ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு வந்தேன்."

"இதைத்தான் சொல்றேன்."

செங்கோடன் சொன்னபடி செய்தார். செய்துகொண்டே திட்டினார். சாக்கைத் திட்டினார், மாட்டைத் திட்டினார், மழையைத் திட்டினார். துணி காயவில்லை. ஈரத்தோடு எடுத்துக் கட்டினார். பூஞ்சை நாற்றம் அடித்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இலையோடு தள்ளித் தள்ளிப் போனார்கள். கொட்டகை மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று ஒரு சீடர் சொல்ல, அடுப்படியில் பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாதம் பாதி போவதற்குள் செங்கோடனின் நடை மாறிவிட்டது. அம்மா கவனித்தார்.

"ஏன் காலை அகட்டி நடக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"அரிக்குதா?"

"ம்."

"எங்கே?"

செங்கோடன் கூரையைப் பார்த்தார்.

"சொன்னாத்தானே மருந்து கொடுக்க முடியும்?"

"சொல்ற இடம் இல்லீங்கம்மா."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"போனேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அங்க இருக்கறது லேடி டாக்டருங்க."

"இருந்தா?"

"எப்படிங்கம்மா காட்டறது?"

அம்மா கேட்டார். "உங்க மகன்கிட்டச் சொல்லி புது வேட்டி பெட்டியில கொண்டுவரச் சொல்லட்டுமா? மேடை வேணும்னா போட்டுக்கலாம்."

செங்கோடனுக்குப் பொறுமை போய்விட்டது.

"புதுசு கட்டினா மட்டும்? துவைக்காமலா கட்டறது? துவைச்சா அந்தச் சாக்குக்கு அடியிலதானே போடணும்? இங்க முற்றத்துல வெயில் சும்மா கிடக்குது. காசா பணமா? கொடியும் கிடக்குது. இவ்வளவு வெயிலை வெச்சுக்கிட்டு மனுசன் எதுக்குங்க இருட்டுல கிடந்து சாகணும்?"

"கொடியில போடக்கூடாதுன்னு யார் எழுதி வெச்சது?"

செங்கோடன் சுவரைப் பார்த்தார். மழையில் கரி கொஞ்சம் வழிந்திருந்தது. எழுத்து அழியவில்லை.

"நான்தானுங்க."

அம்மா எழுந்து உள்ளே போகத் திரும்பினார். "உங்க தவம் போதுங்க. வேற ஆள் பார்த்தீங்களே. வரச் சொல்லணுமா?"

"வேண்டாங்க" என்றார் செங்கோடன். "இதோட அவ எப்படி நின்னு சமைச்சான்னே தெரியலை."

மறுநாள் மழை விட்டு வெயில் வந்தது. செங்கோடன் ஈரத்துணியால் சுவரைத் தேய்த்தார். எழுத்து போயிற்று. கையெல்லாம் கரி. பிறகு கொட்டகையிலிருந்து தன் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரித்துப் போட்டார். வெயில் முதுகில் பட்டதும் அவருக்கே சிரிப்பு வந்தது.

அடுப்படிப் பக்கம் போய்க் கூப்பிட்டார்.

"பாவாயி, உன்னுதையும் எடுத்துட்டு வா."

"வேண்டாங்க சாமி. ஆளுங்க வர்ற நேரம்."

"வான்னு சொல்றேன். வெயில் இருக்கறப்பவே வா."

அவள் முந்தானைக்குள் ஒரு ஈரச் சுருட்டலை மறைத்துக்கொண்டு வந்தாள். கொடிக்குக் கீழே வந்து நின்றாள். எங்கே போடுவது என்று தெரியவில்லை. வேட்டி, துண்டு, கோவணம், மறுபடி வேட்டி. விரல் வைக்க இடம் இல்லை.

அந்த நேரம் பார்த்து கும்பிட வந்தவர்கள் சிலர் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பாவாயி திரும்பி ஓடப் பார்த்தாள். செங்கோடன் வாசலைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், அவள் முந்தானையைப் பார்த்தார். கடைசியில் உள்ளே பார்த்துக் கத்தினார்.

"அம்மா! கொடியில இடம் பத்தலீங்க. ஆளுங்க வேற வந்துட்டாங்க. இவ துணியை ஓரமா போட்டு, மேல அந்தச் சாக்கைப் போட்டு மூடிடட்டுமா?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சாக்கு வேண்டாங்க. உங்க கோவணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."