நாற்பது கண்ணி, நான்கு குஞ்சம்

மேகக்குறிச்சி என்கிற மலையூரில் அண்ணன் தம்பிகள் நான்கு பேர் இருந்தார்கள். மூத்தவர் பெயர் சின்னப்பன், கடைக்குட்டி பெயர் பெரியண்ணன். நடுவில் இருவருக்கும் ஒச்சப்பன் என்றே பெயர். ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவர் வருவார். நால்வருக்கும் உச்சியில் தடித்த குடுமி. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.

சின்னப்பனுக்கு நாற்பது வயதில்தான் பெண் அமைந்தது. பெயர் வடிவு. வடிவு என்றால் அவருக்கு உயிர். ஆனால் அவளுடைய அப்பா தவசியப்பர் ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய முப்பாட்டனுக்கு ராஜா கொடுத்த பழைய கம்பளி ஒன்று வீட்டுச் சுவரில் தொங்கியது. கறுப்பும் சிவப்புமாகக் கோடு போட்டது, ஓரத்தில் நான்கு குஞ்சம்.

“இதே மாதிரி ஒரு சால்வை பின்னி, வெள்ளிக்கிழமை எனக்குப் போர்த்தணும். கோட்டுக்குக் கோடு, குஞ்சத்துக்குக் குஞ்சம் சரியா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் கல்யாணம் கிடையாது.”

பின்னக் கற்றுக்கொடுத்தது வடிவுதான். “ஊசியில மாட்டுற நூல் வளையம்தான் கண்ணி. அதுல ஒண்ணைக்கூட விட்டுடாதீங்க. விட்டா மொத்தமும் பிரிஞ்சுடும். ஊசி எங்க அத்தையோடது. வியாழக்கிழமை வருவாங்க, கொடுத்துடுங்க” என்றாள்.

தொடங்கும்போதே ஒரு சிக்கல் வந்தது.

“இது கறுப்புல சிவப்புக் கோடா, சிவப்புல கறுப்புக் கோடா?” என்றார் பெரிய ஒச்சப்பன்.

“கறுப்புதான் கம்பளி. சிவப்பு அது மேல உக்காந்திருக்கு” என்றார் சின்ன ஒச்சப்பன்.

“அப்போ கறுப்பு ஏன் அதை எந்திரிக்கச் சொல்லல?”

இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சின்னப்பன் தீர்ப்புச் சொன்னார். “கறுப்புல ஆரம்பிப்போம். சிவப்பு சண்டைக்கு வந்தா பார்த்துக்கலாம்.”

சிவப்பு சண்டைக்கு வரவில்லை. சால்வை வளர்ந்தது. வியாழக்கிழமை கடைசிக் கோடு முடிந்த நேரம் பார்த்து அத்தை வந்து வாசலில் நின்றாள். கண்ணிகளெல்லாம் இன்னும் ஊசியில்தான் இருந்தன. ஊசியைக் கொடுத்தால் கண்ணி போய்விடும். கொடுக்காவிட்டால் வடிவின் பேச்சை மீறியதாகிவிடும். சின்னப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியண்ணன் நிதானமாக எண்ணினார். “கண்ணி நாப்பது. நம்ம விரலும் நாப்பது. ஆளுக்குப் பத்து மாட்டிக்கிட்டா எதை விடப்போறோம்?”

நால்வரும் வரிசையாக விரலை நீட்டிக் கண்ணிகளை மாட்டிக்கொண்டார்கள். அத்தை ஊசியை உருவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தவசியப்பர் வீட்டுக்கு நண்டு போலப் பக்கவாட்டில் நடந்து மலைச் சரிவில் இறங்கினார்கள். பாதி வழியில் சின்னப்பன் நின்றுவிட்டார்.

“குஞ்சம் போடலையேடா” என்றார்.

கட்டக் கை இல்லை. அண்ணனுக்கு வந்த கண்ணீரைத் துடைக்கவும் கை இல்லாததால், சின்ன ஒச்சப்பன் தோளைக் கொடுத்தார்.

தவசியப்பருக்கு இரண்டு கண்ணிலும் புரை. நால்வரும் சத்தம் போடாமல் பின்பக்கமாக வந்து சால்வையைப் போர்த்திவிட்டு, அதன் ஓரத்திலேயே தலையைக் குனிந்து குந்தினார்கள். வடிவு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அவர் சால்வையைக் கண்ணருகே பிடித்துக் கோடுகளை எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு ஓரத்தைத் தடவினார். ஒரு குடுமி அகப்பட்டது. இன்னொன்று. இன்னும் இரண்டு.

“குஞ்சம் நாலும் இருக்கு. முப்பாட்டன் கம்பளியில்கூட இவ்வளவு கெட்டியா இல்ல” என்றார் மனம் குளிர்ந்து. “கல்யாணத்தை இப்பவே பேசி முடிச்சுடலாம். எங்கே மாப்பிள்ளை?”

சின்னப்பன் சந்தோஷம் தாங்காமல் வாயைத் திறந்தார்.

“பேசாதீங்கண்ணே” என்று பெரியண்ணன் காதோடு சொன்னார். “குஞ்சம் பேசுச்சுன்னா கல்யாணம் நின்னுடும்.”