சாகாத சித்தாள்

என் நாவலைக் கல்லூரித் தாளாளர் பெயரில் அச்சடித்தது நீங்கள்தான், பதிப்பாளரே. எழுத்து சோறு போடாமல் நான் கொத்தனார் வேலைக்குப் போனதும், வாயும் போய்விட்டதென்று நினைத்துவிட்டீர்கள்.

வெளியீட்டு விழாவில் எழுந்து நின்று கத்தினேன். தாளாளர் மைக்கிலேயே சிரித்தார். "சாந்து குழைக்கிறவனுக்கு நாவல் கேக்குதா? நீ எழுதினதுன்னா இங்கேயே நிரூபி. இல்லைன்னா என் கால்ல விழு."

என்னிடம் இருந்த ஒரே கையெழுத்துப் பிரதியை உங்களிடம்தான் கொடுத்திருந்தேன். வாசலில் அவருடைய ஆட்கள் வேறு.

"மன்னிச்சிடுங்க ஐயா," என்று கும்பிட்டேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, விழுந்திடுறேன். கடைசியில சாரம் சரிஞ்சு சித்தாள் பேச்சி செத்துப்போறாளே, அவளை ஏன் கொன்னீங்க?"

அவர் புத்தகத்தை ஒருமுறை புரட்டியிருந்தாலும் நான் தொலைந்தேன்.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அதை எழுதின அன்னைக்கு நான் சாப்பிடலை தம்பி. உழைக்கிற சனம் விழிக்கணும்னா அவ செத்துத்தான் ஆகணும்."

கைதட்டல் ஓயும்வரை பொறுத்தேன். "கடைசிப் பக்கத்தைப் பாருங்க ஐயா. கான்கிரீட் போட்ட அன்னைக்கு வீட்டுக்காரர் போடுற கறிச்சோத்தை அவ ரெண்டாந்தரம் வாங்கித் தின்னுட்டிருக்கா."

அரங்கம் முழுக்கப் புதுப் புத்தகங்கள் புரளும் சத்தம். பிறகு சிரிப்பு. தாளாளர் பின்வாசல் வழியாகப் போனார். நீங்களும் கூடவே போனீர்கள்.

அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்று இப்போது ஆள் அனுப்புகிறீர்கள். அந்தப் பேரமெல்லாம் என்னிடம் வேண்டாம். கடையில் இருக்கிற அத்தனை பிரதிக்கும் அட்டையை மாற்றி, சங்கரபாண்டி என்று என் பெயரைப் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள்.